எந்த விலையிலிருந்து கழித்தீர்கள்? ஆடித் தள்ளுபடி குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

ஒரு கடைக்காரர் 40 சதவீதம் தள்ளுபடி என்று வாசலில் பலகை வைத்தால், அந்த 40 சதவீதத்தை எந்த விலையிலிருந்து கழித்தார், அந்த விலைக்கு அப்பொருளை எப்போதாவது விற்றாரா என்பதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டா, இல்லையா? இக்கேள்விக்கான பதிலைத் தங்கள் ஆணையம் ஒரு விதியாக எழுதித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இந்த ஆடியில் நான் வாங்கிய புடவை ஒன்றைப் பற்றிய புகாருக்கு, சம்பந்தப்பட்ட கடையிலிருந்து வந்த பதில் இரண்டே வரிகள்தான்: சீட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை; தள்ளுபடியை நிர்ணயிப்பது கடையின் உரிமை. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படியொரு பதிலைத் துணிந்து எழுதுவதற்கு இடம் கொடுக்கும் விதிமுறைகளை அதைவிடவும் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஆடி மாதம் என்பது ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஜவுளி, நகை, பாத்திர வியாபாரம் மந்தமாகும்; தேங்கிய சரக்கைத் தள்ளவும் கடையை நடத்தவும் விலையைக் குறைத்து விற்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி எடுக்கும் நடுத்தரக் குடும்பங்கள் இந்த மாதத்துக்காகவே சீட்டுக் கட்டிப் பணம் சேர்க்கும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நன்மை தந்த வழக்கம் இது. இப்போதும் உண்மையாகவே விலை குறைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. நான் எதிர்ப்பது தள்ளுபடியை அல்ல. ஆனி மாதக் கடைசியில் விலையை ஏற்றிவிட்டு ஆடி முதல் தேதியில் அதே அளவு இறக்கிக் காட்டுவதைத் தள்ளுபடி என்ற பெயரில் விளம்பரம் செய்வதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆவணியில் மகளின் கல்யாணத்தையொட்டி உறவுக்காரப் பெண்களுக்கு எடுத்துக் கொடுக்கப் புடவை பார்க்க, ஆனி மாதத்தில் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். அரக்குக் கரை போட்ட ஒரு மாம்பழ நிறப் புடவை பிடித்திருந்தது. நாத்தனாரிடம் காட்டுவதற்காக அதை விரித்து வைத்துக் கைபேசியில் படம் எடுத்தேன்; முந்தானை ஓரத்தில் தொங்கிய விலைச்சீட்டும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. அதில் உள்ள விலை ரூ.1,950. ஆடி பிறந்ததும் கடைக்குப் போனபோது, அதே புடவையில் ரூ.3,250 என்று அச்சிட்டு அதன் மேல் ஒரு கோடு இழுத்து, கீழே 40 சதவீதத் தள்ளுபடி போக ரூ.1,950 என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டியபோது அடியில் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. அதே பட்டைக்குறி (பார்கோடு), அதே சரக்கு எண். விலை மட்டும் ரூ.1,950.

ஒரு ரூபாய்கூடக் குறையாத புடவையை 1,300 ரூபாய் லாபம் என்று நம்பவைத்து விற்றிருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டபோது, "நீங்கள் அப்போது பார்த்தது வேறு லாட் அம்மா" என்றார். சரக்கு எண்ணைக் காட்டியதும், விலை ஏற்றுவதும் இறக்குவதும் தங்கள் விருப்பம் என்று முடித்துக்கொண்டார். ஜவுளிக் கடையொன்றில் வேலை பார்த்த அண்டை வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. ஆடிக்கு முந்தின வாரம் கடை சாத்திய பிறகு சீட்டு மாற்றும் வேலைக்காகவே ஊழியர்களை நிறுத்தி வைப்பார்கள் என்றார்.

நகையில் இதே காரியம் இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. தங்கத்தின் விலை ஊரறிந்தது; அன்றைய கிராம் விலையைக் கடைக்காரர் மாற்ற முடியாது. ஆகவே தள்ளுபடியெல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் அறிவிக்கப்படுகிறது. அவை இரண்டுக்கும் சட்டத்தில் உச்ச வரம்பு கிடையாது. கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். மகளுக்காக மூன்று சவரன் சங்கிலி ஒன்றைப் பார்த்து, ஆடிக்கு முன்பே எஸ்டிமேட் சீட்டு எழுதி வாங்கியிருந்தேன். 24 கிராமுக்குச் சேதாரம் 11 சதவீதம், அதாவது 2.64 கிராம். ஆடியில் அதே கடை "சேதாரத்தில் 20 சதவீதத் தள்ளுபடி" என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. அதே டிசைனுக்கு மறுபடி எஸ்டிமேட் போடச் சொன்னபோது சேதாரம் 14 சதவீதம் என்று தொடங்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 11.2 சதவீதத்தில் நிறுத்தினார்கள். அது 2.688 கிராம். விளம்பரத்தை நம்பிக் காத்திருந்தவர் தள்ளுபடி இல்லாத நாளில் வாங்கியவரைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இரண்டு எஸ்டிமேட் சீட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கணக்குத் தெரிந்தவர்கூட இதைக் கண்டுபிடிக்க முடியாது, முந்தைய சீட்டு கையில் இல்லாவிட்டால். எத்தனை பேர் முந்தைய சீட்டை வைத்திருப்பார்கள்?

மிக்ஸி, குக்கர், குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் கடைக்காரர் சீட்டு மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. தயாரிப்பாளரே பெட்டியின் மேல் எட்டாத உயரத்தில் ஓர் எம்.ஆர்.பி. அச்சிட்டு அனுப்பிவிடுகிறார். அந்த விலைக்கு ஊரில் எந்தக் கடையிலும், எந்த இணையதளத்திலும், ஆண்டின் எந்த நாளிலும் அந்தப் பொருள் விற்கப்படுவதில்லை. ஆனாலும் தள்ளுபடிச் சதவீதம் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற கூரை. வழக்கமாக விற்கும் விலைக்கு அது சாட்சியாகாது. மருந்து போன்ற சில பொருட்களைத் தவிர மற்றவற்றுக்கு அந்தக் கூரையை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டமும் இல்லை.

சட்டம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 2(47)ஆம் பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளை வரிசைப்படுத்தும்போது, ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது அல்லது விற்கப்படுகிறது என்பதைப் பற்றிப் பொதுமக்களைத் தவறாக நம்பவைப்பதை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. விலையைப் பற்றிய கூற்று எதுவானாலும், இது எங்கள் கடையின் விலை என்று தெளிவாகக் குறிப்பிடாதவரை, அது சந்தையில் பொதுவாக விற்கப்படும் விலையையே குறிப்பதாகக் கொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. இந்த அளவுகோலை வைத்தால், யாருமே விற்காத எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துக் காட்டும் தள்ளுபடி சட்டத்துக்குப் புறம்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு நியாயமான அளவிலும் நியாயமான காலத்துக்கும் சரக்கு வைக்காமலிருப்பதும் அதே பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பொட்டலப் பொருட்களின் சீட்டு விஷயத்தில் விதி இன்னும் தெளிவு. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி அச்சிட்ட அறிவிப்புகளை மாற்றுவதற்குத் தனிச் சீட்டு ஒட்டக்கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம், அப்போதும் அது பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. ஆனால் கடையே எழுதிக் கட்டும் புடவைச் சீட்டுக்கு இவ்விதி பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் மாம்பழ நிறப் புடவையின் இரண்டு சீட்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், அந்தப் பாதையை எளிதாக்கியதற்காக இச்சட்டத்தை நான் மதிக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம். அது கடைக்கும் நமக்கும் இடையே பேசி முடிக்க முயலும் ஏற்பாடு, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கு தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையவழியாகவே மனுவைப் பதியலாம், காணொளி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். ஒரே கடையால் ஒரே விதமாக ஏமாற்றப்பட்டவர்கள் அந்த மாவட்ட ஆணையத்தின் அனுமதியோடு அனைவருக்குமாகச் சேர்ந்தும் புகார் அளிக்க 35ஆம் பிரிவு வழி செய்கிறது. இவற்றையெல்லாம் அறியாத குடும்பங்களே இன்றும் அதிகம். தள்ளுபடிப் பலகைக்குப் பக்கத்தில் 1915 என்ற எண்ணை எழுதி வைத்த கடையை நான் பார்த்ததில்லை.

இந்த வழியில் போராடி வென்றவர்களும் இருக்கிறார்கள். எம்.ஆர்.பி.யில் 40 சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, பில் போடும்போது தள்ளுபடி விலையின் மேல் மதிப்புக் கூட்டு வரியைத் தனியாகச் சேர்த்த கடையொன்றின் வழக்கில், எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரிகளும் உட்பட்ட விலை என்பதால் அவ்வாறு வசூலித்தது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த வழக்கில் சாட்சியம் முழுவதும் பில்லிலேயே இருந்தது: எம்.ஆர்.பி., தள்ளுபடி, வரி மூன்றும் அச்சாகி நுகர்வோர் கையில் கிடைத்தன. என் புடவையின் பில்லில் ரூ.3,250, கழிவு ரூ.1,300, செலுத்த வேண்டியது ரூ.1,950 என்றுதான் இருக்கிறது. போன மாதம் என்ன விலை என்பது அதில் இல்லை. நாத்தனாருக்குக் காட்ட எடுத்த படமும், கிழியாமல் பிழைத்த அடிச்சீட்டும் தற்செயலாகக் கிடைத்தவை. முந்தைய விலையின் ஆவணம் முழுவதும் கடைக்காரரின் கணினியில் இருக்கிறது. அதை நிரூபிக்கும் பாரம் மட்டும் நுகர்வோரின் தலையில் இருக்கிறது. 1,300 ரூபாய்க்காக யார் இதைச் சுமப்பார்கள்? யாரும் சுமக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஆண்டுதோறும் சீட்டு மாற்றுகிறார்கள்.

ஆகவேதான் தங்களிடம் வருகிறேன். தனித்தனியாகச் சிறியதாகவும் மொத்தத்தில் பெரியதாகவும் உள்ள நட்டங்களுக்காகவே நாடாளுமன்றம் தங்கள் ஆணையத்தை உருவாக்கியது. புகாருக்காகக் காத்திராமல் தாமாகவே விசாரணை தொடங்கவும், நியாயமற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்கத் தேவையான வழிகாட்டு நெறிகளை வெளியிடவும் 18ஆம் பிரிவு தங்களுக்கு அதிகாரம் தருகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க 21ஆம் பிரிவு இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தாங்கள் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வரும், வராவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்த ராபிடோ நிறுவனத்துக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தபோது, அந்த 50 ரூபாய் பணமாக வராது, செயலிக்குள் மட்டும் செல்லும் நாணயமாகவே வரும், அதுவும் "50 வரை" என்பதைப் பொடி எழுத்தில் மறைத்ததைத் தங்கள் ஆணை எடுத்துக் காட்டியது. அதே கண்ணோட்டத்தோடு தாங்கள் ஆடித் தள்ளுபடி விளம்பரங்களையும் பார்க்க வேண்டும். "70 சதவீதம்" என்பது கட்டை விரல் பருமனிலும் "வரை" என்பது எறும்பு அளவிலும் அச்சிடப்பட்ட பக்கங்களை நாளிதழ்களில் தாங்களே காணலாம். நட்சத்திரக் குறிக்குரிய நிபந்தனை, தமிழ் விளம்பரத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரக் கூற்றின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 9 அன்று தாங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

ஆனால் அந்த 2022 நெறிகளிலும், இணையவழி வணிகத்தின் ஏமாற்று வடிவமைப்புகளைப் பற்றி 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிகளிலும் ஒரு குறை இருக்கிறது. பின்னதில் 13 வகை ஏமாற்றுகள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அவசரம் காட்டுவது, கடைசிப் படியில் கட்டணம் சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு. விற்கப்படாத ஒரு விலையை முன்விலையாகக் காட்டுவது அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. வழக்கமான விலை என்று சட்டம் சொல்வதை எத்தனை நாள் விலையை வைத்து அளப்பது என்றும் எங்கும் வரையறுக்கப்படவில்லை. கடைக்காரரின் இரண்டு வரிப் பதில் அந்த வெற்றிடத்தில்தான் நிற்கிறது.

இந்த வெற்றிடத்தை நிரப்புவது இயலாத காரியம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே முன்விலையாகக் காட்ட வேண்டும். ஒரு ஜெர்மானிய மளிகைக் கடைத்தொடர் அந்த 30 நாள் விலையை ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிட்டு, வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் காட்டிய சலுகையை வேறு விலையை வைத்துக் கணக்கிட்டபோது, தள்ளுபடியே அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 26 அன்று சொல்லிவிட்டது. இந்த விதி இங்கே இருந்திருந்தால் என் புடவையின் சீட்டில் முன்விலை ரூ.1,950, இன்றைய விலை ரூ.1,950 என்று அச்சிட்டிருக்க வேண்டும். நான் வாங்கியும் இருக்கலாம், தெரிந்தே வாங்கியிருப்பேன்.

விதி வந்தால் வியாபாரம் கெடும் என்று பெரிய கடைகள் தங்களிடம் முறையிடக்கூடும். எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சிறு வியாபாரியையும் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே விலை சொல்பவர் அவர். அதே தரமுள்ள புடவையை அவர் ரூ.1,800-க்கு வைத்திருந்தாலும், "அங்கே 40 சதவீதம் குறைக்கிறான்" என்று சொல்லிப் பழைய வாடிக்கையாளர்களே ஆடியில் அவரைத் தாண்டிப் போகிறார்கள். பொய்யான முன்விலை நுகர்வோரை ஏமாற்றுவதோடு நிற்காமல் நேர்மையாக விலை போடுபவரையும் தண்டிக்கிறது.

எனவே தங்களிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, தள்ளுபடி அறிவிக்கும் எந்தக் கடையும், இணையதளமும், அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் உண்மையில் விற்ற மிகக் குறைந்த விலையைச் சீட்டிலும் விளம்பரத்திலும் காட்ட வேண்டும் என்றும், சதவீதம் அதிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் 18ஆம் பிரிவின்கீழ் வழிகாட்டு நெறி வெளியிடுங்கள், எம்.ஆர்.பி.யை முன்விலையாகக் காட்டுவதை அதில் வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். நகைக் கடைகளுக்குச் செய்கூலி, சேதாரம் ஆகியவற்றின் முந்தைய சதவீதத்தையும் இன்றைய சதவீதத்தையும் பில்லில் தனித்தனியே அச்சிடும் கடமையை விதியுங்கள். இரண்டாவதாக, விலை மாற்றங்களின் பதிவேட்டைக் கடைகள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், புகார் எழுந்தால் அதைக் காட்டி நிரூபிக்கும் பொறுப்பு கடைக்கே உரியது என்றும் அரசின் விதிகளில் சேர்க்கப் பரிந்துரை செய்யுங்கள். புகார் செய்யும் காலவரம்பே இரண்டு ஆண்டுகள் என்பதால் அதற்குக் குறைந்த காலம் போதாது. மூன்றாவதாக, 16ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர்களுக்குள்ள விசாரணை அதிகாரத்தைப் பயன்படுத்தி, வரும் தீபாவளிக்கு முன்பும் அடுத்த ஆனி மாதத்திலும் பெரிய கடைகளின் விலைச்சீட்டுகளைப் பதிவுசெய்து, பண்டிகை விலையோடு ஒப்பிட்டு அறிக்கை தருமாறு தமிழ்நாட்டு ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலத் தொழிலாளர் துறையின் ஆய்வாளர்களும் இதில் சேர்க்கப்பட வேண்டும். நான்காவதாக, பொய்யான முன்விலை நிரூபணமாகும் இடத்தில் தண்டத்தோடு நிறுத்தாமல், நுகர்வோர் ஆணையத்தில் தாங்களே புகார்தாரராக நின்று, பெயர் தெரியாத ஏராளமான நுகர்வோரின் இழப்புக்காக 39ஆம் பிரிவின்கீழ் தொகை செலுத்தவைக்கவும், விளம்பரம் வந்த அதே நாளிதழில் அதே அளவில் தமிழில் திருத்த விளம்பரம் வெளியிடவைக்கவும் வழக்குத் தொடருங்கள். தள்ளுபடி அறிவிப்பு வைக்கும் ஒவ்வொரு கடையும் 1915 என்ற எண்ணை அதே பலகையில் தமிழில் எழுத வேண்டும் என்ற உத்தரவையும் இதோடு சேர்க்க வேண்டுகிறேன்.

இரண்டு விலைச்சீட்டுகள், கைபேசிப் படம், பில், இரண்டு எஸ்டிமேட் சீட்டுகள், கடையின் பதில் ஆகியவற்றின் நகல்களைக் கடைகளின் பெயர்களோடு 17ஆம் பிரிவின்கீழ் எழுத்துவழிப் புகாராகத் தங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். அதன் மேல் எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கும், 30 நாள் முன்விலை விதியைப் பற்றிய ஆணையத்தின் முடிவைப் பொதுமக்களுக்கும், தீபாவளி விளம்பரங்கள் தொடங்குவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர்